ஓசியில் வந்த ஃபிஜி, ஐந்து வருடம் கழித்து

மைக்ராஸ்கோப் படங்களை அளக்கவும் எண்ணவும் உதவும் ஃபிஜி மென்பொருளுக்கு நான் ஒரு பைசா கொடுத்ததில்லை. யாரும் கொடுக்க வேண்டியதில்லை, இறக்கிக்கொண்டால் போதும். ஆனால் அது சரியாகப் பிடிபடுவதற்குள் என் ஆராய்ச்சிக் காலத்தில் எட்டு மாதம் கரைந்துபோனது. அந்த எட்டு மாதத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் நரம்பியலில் பிஎச்.டி. செய்கிறேன். வீடு காசிமேடு, லேப் நகரத்தின் தெற்குக் கோடி. காலையில் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, பாதி சென்னையைத் தாண்டி இறங்கி, அப்புறம் ஒரு பஸ் பிடிக்க வேண்டும். போக வர மூன்று மணி நேரம். அதனால் மைக்ராஸ்கோப்பில் படம் எடுப்பது லேபில், எடுத்த படத்தை அளப்பதும் எண்ணுவதும் வீட்டில் என்று முதல் வருடமே பிரித்துக்கொண்டேன். வீட்டில் என்றால் மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை, ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப், ஒரு டேபிள் ஃபேன். ஃபேன் எனக்கில்லை, லேப்டாப்புக்கு.

ஃபிஜி என்பது தீவு இல்லை. 'ஃபிஜி இஸ் ஜஸ்ட் இமேஜ்ஜே' என்பதன் முதலெழுத்துகள். பெயருக்குள்ளேயே பெயரை வைத்துச் சிரிக்கும் கம்ப்யூட்டர்க்காரர்களின் ஜோக். அடியில் இருப்பது இமேஜ்ஜே. அதை எழுதியவர் வேய்ன் ராஸ்பேண்ட், அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் இருந்தவர். 1987-ல் மேக் கம்ப்யூட்டருக்காக 'என்.ஐ.எச். இமேஜ்' என்று ஒன்றை எழுதி, 1997-ல் அதையே ஜாவாவில் புதிதாக எழுதினார். 'ஜே' வந்தது ஜாவாவிலிருந்து. உயிரியல்காரர்களுக்கு வேண்டிய பிளகின்களையெல்லாம் (கூடுதல் வேலைக்கான குட்டி நிரல்கள்) அதோடு சேர்த்துக் கட்டிய மூட்டைதான் ஃபிஜி. அதைப் பற்றிய கட்டுரை 2012-ல் 'நேச்சர் மெத்தட்ஸ்' இதழில் வந்தது. செல் படத்தை அளக்கும் வேலை இருக்கிற லேப்களில் இந்த இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். திறந்தால் ஒரு சின்னப் பட்டை மட்டும் திரையின் மேலே வந்து நிற்கும். முதல் தடவை பார்த்தபோது மீதி விண்டோ எங்கே என்று ஐந்து நிமிஷம் காத்திருந்தேன். மீதி என்று ஒன்று கிடையாது, அவ்வளவுதான்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் குறையும் நிறையும் புரியும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கவரில் கட்டித் தருகிறார்களே ஜீப்ரா மீன், அதன் குஞ்சுகளை வைத்துத்தான் ஆராய்ச்சி. ஐந்து நாள் குஞ்சு நாலு மில்லிமீட்டர்கூட வராது, உடம்பு கண்ணாடி மாதிரி. அதன் பக்கவாட்டில் தண்ணீரின் அசைவை உணர்கிற சின்னச் சின்னக் கொத்துகள் இருக்கும். ஒரு கொத்தில் பத்துப் பன்னிரண்டு மயிர்ச் செல்கள். நம் உள்காதில் ஒலியை நரம்புக்குச் சொல்கிற செல்களும் இதே சாதிதான். நியோமைசின் மருந்தைத் தண்ணீரில் கலந்தால் மீனின் மயிர்ச் செல்கள் செத்துப்போகும். இரண்டு மூன்று நாளில் திரும்ப முளைத்துவிடும். மனிதக் காதில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 15,000 இருக்கிறது. போனால் போனதுதான்.

எங்கள் நைனா விசைப்படகில் டிரைவர். முப்பது வருடம் டீசல் இன்ஜினுக்குப் பக்கத்திலேயே நின்றவர். இப்போது அவரிடம் எதைச் சொல்வதானாலும் தெருவுக்கே கேட்கும்படி சொல்ல வேண்டும். இந்தப் புராஜெக்ட்டை ஏன் எடுத்தாய் என்று நேர்முகத்தில் கேட்டபோது வேறென்னவோ சொன்னேன்.

ஆக, சுருக்கமாக, எத்தனை செல் செத்தது, எத்தனை திரும்ப வந்தது என்று எண்ண வேண்டும். அம்மா மீன் ஏலம் எடுத்து விற்கிறவள். கேட்டதும் சிரித்துவிட்டாள். "எண்றதுக்கு ஒரு படிப்பாடி? அதுக்கு மாசம் முப்பத்தோராயிரமா? வா, இறா எண்ண நான் சொல்லித் தர்றேன்." அப்போது ஃபெல்லோஷிப் 31,000. 2023 ஜனவரியிலிருந்து 37,000 ஆனது. மாதாமாதம் வருகிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்.

படம் எடுப்பது கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில். பின்னாளில் செயற்கை அறிவுத் துறையில் பெரிய பெயரான மார்வின் மின்ஸ்கிதான் அதற்கு 1957-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். மூளையில் நரம்புச் செல்கள் பின்னிக் கிடப்பதைத் தெளிவாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஒரு ஊசித்துளையை வைத்து, குவியத்தில் இல்லாத வெளிச்சத்தை அடைத்துவிடுவார்கள். அதனால் செல்லை அடுக்கடுக்காக, வெங்காயத்தை மெல்லிசாக அரிந்த மாதிரி படம் எடுக்கலாம். எங்கள் மீனில் மயிர்ச் செல்கள் மட்டும் பச்சையாக ஒளிரும்படி ஒரு மரபணு சேர்த்திருக்கிறது. அந்தப் பச்சைப் புரதத்தை முதலில் பிரித்தெடுத்தது ஒரு சொறி மீனிலிருந்து, அதாவது ஜெல்லி மீனிலிருந்து. ஒசாமு ஷிமோமுரா 1962-ல் அதை எழுதினார், 2008-ல் வேதியியல் நோபல் அவருக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் கிடைத்தது. நைனாவிடம் கத்திச் சொன்னேன். "சொறியா? வலை பூரா ரொம்பிக் கை அரிக்குமே, அதுக்கா பிரைஸ் குடுத்தானுங்க?" என்றார்.

ஒரு கொத்துக்கு முப்பது அடுக்கு, இரண்டு நிறம். ஒவ்வொரு அடுக்கும் 1024-க்கு 1024 பிக்சல், இரண்டு எம்.பி. மொத்தம் 120 எம்.பி. ஒரு மீனில் ஆறு கொத்து எடுப்பேன். கணக்கு உங்களுக்கே புரியும்.

எட்டு மாதக் கதை இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2021. கொரோனா கட்டுப்பாட்டில் மைக்ராஸ்கோப் நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. இரவு ஸ்லாட் வாங்கி, விடியும்வரை எடுத்துவிட்டு, முதல் பஸ்ஸில் வீட்டுக்கு வருவேன். கையில் இருந்தது 16 ஜி.பி. பென் டிரைவ். நிரம்பிவிட்டது. ஒரு சீனியர் வழி சொன்னார்: "ஜேபெக்கா எக்ஸ்போர்ட் பண்ணிக்கோ, படம் தெரியுதில்ல, அது போதும்." மைக்ராஸ்கோப்போடு இருக்கும் கம்ப்யூட்டரில் முப்பது நாளுக்கு மேல் எதையும் வைக்க மாட்டார்கள், அழித்துவிடுவார்கள். கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். தினமும் பார்த்தேன். படித்தேனா என்றால் இல்லை.

ஜேபெக் என்ன செய்யும்? எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டமாக வெட்டி, கண்ணுக்குத் தெரியாது என்று அது நினைப்பதைத் தூக்கிப் போட்டுவிடும். எங்கள் மைக்ராஸ்கோப் வெளிச்சத்தை 4,096 படிகளில் பதிவு செய்கிறது. ஜேபெக்கில் அது 256 ஆகச் சுருங்கிவிடும். ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அடுக்குக்கும் அடுக்குக்கும் எவ்வளவு தூரம், லேசர் எவ்வளவு வைத்தோம் என்று மூல ஃபைலுக்குள் எழுதியிருக்கும் விவரமும் போய்விடும். எட்டு மாதம் கழித்து ஆராய்ச்சிக் குழுக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் கேட்டார், திரும்ப முளைத்த செல்லின் வெளிச்சம் பழைய செல்லோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று. அட்டவணையைக் காட்டினேன். "இது எந்த ஃபைலில் அளந்தது?" என்றார். சொன்னேன். குரலைக்கூட உயர்த்தவில்லை அவர். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ஃபிஜி மேல் எனக்கு இருக்கும் பெரிய கோபம் இதுதான். அத்தனை ஜேபெக்கையும் ஒரு வார்த்தை சொல்லாமல் திறந்தது. அளந்து கொடுத்தது. அதுவும் மூன்று தசம இடம் வரைக்கும். 87.413 என்று ஒரு எண் திரையில் வந்தால் யாருக்குத்தான் நம்பத் தோன்றாது? மார்க்கெட்டில் அம்மா செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனைக் கையில் எடுக்க மாட்டாள். ஃபிஜி செவுளைப் பார்க்காது. கொடுத்ததை அறுத்துத் தரும்.

இதற்கு மருந்தும் ஃபிஜிக்குள்ளேயே இருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். பயோ-ஃபார்மட்ஸ் என்ற பிளகின். மைக்ராஸ்கோப் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு ஃபைல் வடிவம் வைத்திருக்கும். ஜெய்ஸ் ஒன்று, லைக்கா ஒன்று, நிக்கான் இன்னொன்று. இந்தப் பிளகின் நூற்றுக்கும் மேற்பட்ட வடிவங்களை அப்படியே திறந்து, உள்ளே எழுதியிருக்கும் விவரத்தையும் சேர்த்துப் படிக்கும். மூல ஃபைலை ஃபிஜியின் பட்டைமேல் இழுத்துப் போட்டாலே வேலை முடிந்தது. அது எனக்குத் தெரிந்தது எட்டாவது மாதத்தில். இந்த ஒரு பிளகினுக்காகவே ஃபிஜியை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கண்டம், அளவுகோல். 'செட் ஸ்கேல்' என்ற பெட்டியில் 'குளோபல்' என்று ஒரு கட்டம் உண்டு. டிக் செய்தால் திறந்திருக்கிற, இனி திறக்கப்போகிற எல்லாப் படத்துக்கும் அதே அளவு. 20 மடங்கு லென்ஸ் படத்துக்கு அதை வைத்துவிட்டு, 60 மடங்கு படங்களைத் திறந்தேன். மயிர்ச் செல் ஐந்து ஆறு மைக்ரான் அகலம் இருக்க வேண்டும். எனக்குப் பதினாறு வந்தது. மருந்து கொடுத்தால் செல் வீங்குகிறது என்று ஒரு முழு ராத்திரி சந்தோஷமாக இருந்தேன். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், இங்கே ஃபிஜி எச்சரித்தது. இந்தப் படத்தின் அளவும் நீ வைத்த பொது அளவும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. இனிமேல் இதைக் காட்டாதே என்று டிக் செய்து மூடியவள் நான்தான்.

மூன்றாவது, பிரைட்னஸ் பெட்டி. சறுக்குப் பட்டையை நகர்த்தினால் திரையில் காட்டுவது மட்டும்தான் மாறும், உள்ளே எண் மாறாது. அதே பெட்டியில் 'அப்ளை' என்று ஒரு பட்டன். எட்டு பிட் படத்தில், அதாவது 256 படி உள்ள படத்தில், அதை அழுத்தினால் பிக்சல் எண்ணே மாறிவிடும். திரும்பி வரலாம் என்றால் ஒரே ஒரு அடிதான் பின்னால் போக முடியும். நிறுத்து நிறுத்து என்று நாலு தடவை அழுத்தினாலும் ஒரு அடிதான். 'ஆட்டோ' பட்டனும் லேசுப்பட்டதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக வெளிச்சத்தை ஏற்றிக் காட்டும், அப்புறம் மருந்து கொடுத்த மீனும் கொடுக்காத மீனும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இப்போது நான் அதைத் தொடுவதே இல்லை.

சரி, திட்டியது போதும். நல்லதைச் சொல்கிறேன்.

எண்ணுவதற்கு 'செல் கவுண்டர்' என்று ஒரு பிளகின். செல்லின்மேல் கிளிக் செய்தால் புள்ளி விழும், எண் ஏறும். கிழவர் காலத்து வேலை மாதிரி இருக்கும், ஆனால் நம்பலாம். தானாக எண்ணும் வழிகளும் உண்டு. இதற்கு மேல் வெளிச்சம் இருந்தால் செல், கீழே இருந்தால் இல்லை என்று ஒரு எல்லை போடுவது. அந்த எல்லையை எங்கே போடுவது என்பதற்கே ஃபிஜியில் பதினைந்துக்கு மேல் முறைகள். 1979-ல் வந்த ஓட்சுவின் முறைதான் பலரும் முதலில் எடுப்பது. எல்லா முறையையும் ஒரே படத்தில் ஓட்டிப் பக்கம் பக்கமாகக் காட்டும் வசதியும் உண்டு. செய்து பாருங்கள். ஒரே கொத்தில் ஒரு முறை ஏழு என்கிறது, ஒன்று பத்தொன்பது என்கிறது. எனக்குப் பிடித்த எண் எந்த முறையில் வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்ற ஆசை அந்த நிமிஷம் வரும். எல்லாருக்கும் வரும். வராது என்கிறவர் பொய் சொல்கிறார்.

எனக்கு இதில் புத்தி சொன்னது அம்மா. முதலில் எல்லா அடுக்கையும் ஒன்றாக நசுக்கித் தட்டையாக்கிய படத்தை ஏ4-ல் பிரிண்ட் போட்டு, விளையாட்டாக அவளிடம் கொடுத்தேன். பதினொன்று என்றாள். நானும் பதினொன்றுதான் எண்ணியிருந்தேன். அப்புறம் லேப்டாப்பில் அடுக்குகளைக் காட்டி, கீழே இருக்கும் பட்டையை எப்படித் தள்ளுவது என்று சொல்லிக் கொடுத்தேன். நிதானமாக மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "பதிமூணு. இதோ இதுக்கு அடியில ஒண்ணு ஒளிஞ்சிருக்கு பாரு. இந்தப் பக்கம் ஒண்ணு," என்றாள். நான் வாயைப் பிளந்தேன். அவளுக்கு அது பெரிய விஷயமே இல்லை. "கூடைல மேல பெருசா அடுக்கி அடியில பொடிய போடுவானுங்க. கை வுட்டுப் பாக்காம எடுப்பாங்களா?" அதற்கப்புறம் தட்டையாக்கிய படத்தில் நான் எண்ணியதே இல்லை. அந்தப் படம் சுவரில் மாட்ட நன்றாயிருக்கும், கட்டுரையின் முதல் பக்கத்துக்கு நன்றாயிருக்கும். எண்ண உதவாது.

எது மருந்து மீன், எது சும்மா மீன் என்று தெரிந்துகொண்டு எண்ணினால் கை தானாக ஒரு பக்கம் சாயும். அதற்குத் தம்பியைப் பிடித்தேன். ஃபைல் பெயரையெல்லாம் ஒன்று, இரண்டு என்று கலைத்துப்போட்டு, எது எது என்ற பட்டியலை அம்மாவின் ஏலக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டான். முழுவதும் எண்ணி முடிக்கும்வரை எனக்குக் காட்டக் கூடாது என்று சத்தியம். கூலியாக பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ இரண்டு பிளேட். பிறகு இதே வேலையைச் செய்ய ஃபிஜியில் எட்டு வரி மேக்ரோ, அதாவது தானாக ஓடும் ஒரு குட்டி நிரல், எழுதினேன். தம்பிக்கு வருத்தம்.

மேக்ரோ என்றதும் நினைவு வருகிறது, ஃபிஜியில் எனக்கு மிகவும் பிடித்தது 'ரெக்கார்டர்' தான். அதைத் திறந்து வைத்துக்கொண்டு வழக்கம்போல வேலை செய்ய வேண்டியது. நீங்கள் செய்கிற ஒவ்வொரு கிளிக்கையும் அது ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே வரும். அந்த வரிகளைச் சேமித்தால் அதுவே நிரல். புரோகிராம் எழுதத் தெரியாத உயிரியல் மாணவிக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நான் நிரல் எழுதக் கற்றது வகுப்பில் இல்லை, இந்தப் பெட்டியைப் பார்த்துத்தான். இப்போது முந்நூறு படத்தை இரவு சாப்பிடப் போகும்போது ஓடவிட்டால் காலையில் அட்டவணை தயாராக இருக்கும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ரெக்கார்டருக்கு முன் ஒரே படக்கூட்டத்தை மார்ச்சில் அளந்தபோது சராசரி 14.2, ஜூலையில் அளந்தபோது 12.9. எதில் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இப்போது யார் கேட்டாலும் எடுத்து நீட்ட ஒரு காகிதம் இருக்கிறது.

இதைப் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எலிசபெத் பிக் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 20,621 உயிரியல் கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே பார்த்துச் சலித்து, 3.8 சதவீதத்தில் ஒரே படம் இரண்டு இடத்தில் வருவது போன்ற கோளாறுகள் இருப்பதாக 2016-ல் எழுதினார்கள். எல்லாமே திருட்டு இல்லை, கொஞ்சமாவது ஃபைலைக் குழப்பிக்கொண்ட கேஸாக இருக்கும் என்பது என் சொந்த ஊகம். என் ஃபோல்டர்கள் இருந்த லட்சணம் எனக்குத் தெரியுமே.

மற்ற பிளகின்களை வேகமாகத் தாண்டுகிறேன். நரம்புச் செல்லின் கிளைகளை வரைவதற்கு எஸ்.என்.டி. இருக்கிறது. அதிலேயே ஷோல் அளவையும் எடுக்கலாம். செல்லைச் சுற்றி வட்டம் வட்டமாகப் போட்டு எத்தனை கிளை வெட்டுகிறது என்று எண்ணுவது, டொனால்ட் ஷோல் 1953-ல் பூனை மூளையில் செய்தது. பக்கத்து பெஞ்ச் தோழி அதில்தான் குடித்தனமே நடத்துகிறாள். நகரும் செல்லைப் பின்தொடர 'டிராக்மேட்', அருமை. செல்லின் உட்கருவைத் தானாகப் பிரிக்க 'ஸ்டார்டிஸ்ட்', உட்கருக்களுக்குப் பிரமாதம், என் மயிர்ச் செல்லுக்குச் சரிவரவில்லை.

லேப்டாப் பற்றி ஒரு வார்த்தை. நாலு ஜி.பி. ராமில் ஃபிஜி ஓடும், ஆனால் மூச்சு வாங்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை என்று பன்னிரண்டு மணி நேரம் எடுத்த படம் ஒன்று நாலு ஜி.பி.யைத் தாண்டிவிட்டது. திறந்ததும் அப்படியே உறைந்து நின்றது. 'விர்ச்சுவல் ஸ்டாக்' என்பதை டிக் செய்தால் முழுவதையும் ஏற்றாமல், பார்க்கும் அடுக்கை மட்டும் டிஸ்க்கிலிருந்து எடுக்கும். அதில்தான் இரண்டு வருடம் ஓட்டினேன். அப்புறம் 16 ஜி.பி. போட்டேன்.

தானாகச் சேமிக்கும் பழக்கம் ஃபிஜிக்குக் கிடையாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்த அன்று நாற்பது கொத்து எண்ணி முடித்திருந்தேன். புள்ளிகளைச் சேமிக்கவில்லை. லேப்டாப் பேட்டரி ஏற்கெனவே செத்தது. கரண்ட் போனது, திரையும் போனது. மூன்று நாள் கழித்துத்தான் கரண்ட் வந்தது. அந்த வாரம் எண்ணூர்ப் பக்கம் தண்ணீரில் எண்ணெய் கலந்து, மீனில் வாடை அடிக்கிறதென்று அம்மாவிடம் வாங்க ஆள் இல்லை. நாற்பது கொத்து போனதைப் பற்றி வீட்டில் பேச எனக்கு வாய் வரவில்லை. கட்டுரையில் இதற்கு வரி கிடையாது என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அப்டேட் விஷயத்தில் மட்டும் உஷார். திறக்கும்போதே புதுசு வந்திருக்கிறது, ஏற்றட்டுமா என்று கேட்கும். ஏற்றினால் சில சமயம் ஒரு பழைய பிளகின் மற்றதோடு சண்டை போட்டு, எதுவுமே திறக்காது. ஃபிஜியை நிறுவ வேண்டியதில்லை, ஒரு ஃபோல்டர்தான். அந்த ஃபோல்டரை நகல் எடுத்துத் தேதி போட்டு வைத்துவிடுங்கள். ஒரு கட்டுரைக்கு ஒரு ஃபோல்டர் என்பது என் வழக்கம்.

காசு கொடுத்து வாங்கும் மென்பொருளோடு ஒப்பிடச் சொல்வீர்கள். எங்கள் லேபுக்கு ஒரு கம்பெனியிலிருந்து வந்து டெமோ காட்டினார்கள். முப்பரிமாணத்தில் செல் சுழல்வதைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, அதை மறுக்க மாட்டேன். கொட்டேஷனைப் பார்த்ததும் எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டோம். வருடா வருடம் புதுப்பிக்க வேறு கட்ட வேண்டும். இலவசத்திலேயே போட்டி உண்டு. திசு வெட்டுகள் பெரிய பெரிய படமாக இருந்தால் 'க்யூபாத்' மேல். ஆயிரக்கணக்கான படத்தை ஒரே வரிசையில் ஓட்டுவதற்கு 'செல்புரொஃபைலர்'. பைதான் தெரிந்தவர்கள் 'நாபாரி' பக்கம் போகிறார்கள், 'செல்போஸ்' என் மயிர்ச் செல்லைக்கூட ஓரளவு பிரித்துத் தந்தது. இருந்தாலும் புதுப் படம் ஒன்று வந்தால் கை முதலில் திறப்பது ஃபிஜியைத்தான்.

யாருக்குச் சரிவரும்? எம்.எஸ்சி. முடித்து புராஜெக்ட்டில் சேர்கிற ஆளுக்கு முதல் மாதமே வேண்டும். ஆனால் தனியாகக் கொடுத்துவிடாதீர்கள். நான் போன இரண்டு நாள் பயிலரங்கு ஒன்றில் எந்த மெனுவில் எந்தப் பட்டன் என்று மட்டும் காட்டினார்கள். சான்றிதழும் மத்தியானச் சாப்பாடும் குறையில்லை. அதை ஏன் அழுத்துகிறோம், எப்போது அழுத்தக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறைய பாதிக்குக் கீழே, அதாவது சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே, சாதாரண மைக்ராஸ்கோப் எதையும் பிரித்துக் காட்டாது என்று 1873-லேயே எர்ன்ஸ்ட் அபே எழுதிவிட்டார். ஃபிஜியோ அந்தப் படத்தில் 50 நானோமீட்டர் அகலம் என்று தாராளமாக அளந்து கொடுக்கும். இது வகுப்பில் வர வேண்டிய பாடம். பெங்களூரில் என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் வளாகத்தில் மைக்ராஸ்கோப்பிக்கென்று ஒரு நல்ல பயிற்சி நடக்கிறது. இடம் கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் நல்ல சீனியர் ஒருவரைப் பிடியுங்கள், ஜேபெக் சீனியரை இல்லை.

நட்சத்திரம் போட்டே ஆக வேண்டும் என்றால் ஐந்துக்கு நாலு. பயோ-ஃபார்மட்ஸும் ரெக்கார்டரும் இல்லையென்றால் இரண்டரைதான் கொடுத்திருப்பேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புதுசாகச் சேர்ந்த ஜூனியர், வியாசர்பாடிப் பெண், வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். "அக்கா, ஒரு கொத்துல பதினேழு வருது, சரியானு பாருங்களேன்." பச்சைப் பச்சையாக, அழகாக, தட்டையாக இருந்தது. வாட்ஸ்அப் தன் பங்குக்கு அதை இன்னும் ஒரு தடவை நசுக்கியிருந்தது.

"ஒரிஜினல் ஃபைல் எங்கே?" என்று கேட்டேன்.

"இதான்க்கா அது."

மைக்ராஸ்கோப் கம்ப்யூட்டரில் எடுத்த தேதியைப் பார்க்கச் சொன்னேன். இருபத்திரண்டு நாள் ஆகியிருக்கிறது. இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நாளைக்கு ஹார்டு டிஸ்க்கில் மொத்தத்தையும் இறக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், மத்தியானத்துக்கு மேல். அதற்குள் அம்மா ஏலம் முடிந்து வந்திருப்பாள்.